மூன்று சக்கரத்துப் பிரேக்

முப்பத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன் நான். வண்டி ஓட்டுகிற எவனையும் நம்ப மாட்டேன், என்னையும் சேர்த்துத்தான்.

நாலு நாள் சுற்றுலாவில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. சாவியை வாங்கி வைத்துக்கொண்ட லாட்ஜ்காரன், பெட்டியைத் தூக்க ஓடி வந்தவன், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற கைடு. எல்லாரும் யோக்கியர்களாகவே இருந்து தொலைத்தார்கள். வேனில் வந்த பன்னிரண்டு பேரும் எனக்கு சிஐடி என்று பேர் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

கடைசி நாள். காலையில் ஏரியில் கேனோ, பிறகு வேடிக்கை பார்த்தபடி மலைப்பாதையில் இறக்கம், சாயங்காலம் ரயில். கேனோ என்பது ஒல்லிப் படகு. முன்னும் பின்னும் இரண்டு பேர், ஆளுக்கொரு துடுப்பு. அவள் வலப்பக்கம் போட்டாள், நானும் வலப்பக்கமே போட்டேன். படகு செக்கு மாடு மாதிரி சுற்றியது.

"ஏங்க, நான் போடுறதுக்கு எதிர்ப்பக்கம் போடணும்னு அந்தப் படகுக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரா இல்லையா?"

"நீ ஒழுங்கா போடுறியான்னு பாத்துட்டு இருந்தேன்."

"நாப்பது வருசமா பாத்தது பத்தலையாக்கும்?"

அப்படிச் சுற்றும்போதுதான் கரை கண்ணில் பட்டது. கழிப்பறைக்குப் பின்னால், படகுத்துறையில் நின்றால் தெரியாத இடத்தில் எங்கள் வேன். முன்பக்கம் ஜாக்கியில் தூக்கியிருந்தது. அடியிலிருந்து டிரைவரின் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. டயர் மாற்றுகிறவன் அடியில் படுக்க மாட்டான். மறைவில் நிறுத்தவும் மாட்டான்.

"கரைக்கு விடு."

"இப்பத்தானே ஏறினோம்!"

"விடுடி."

ஈரக் காலோடு போனேன். அதற்குள் அவன் ஜாக்கியை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. சக்கரத்துல சேறு, கழுவினேன்."

அவன் கையைப் பிடித்து முகர்ந்தேன். பிரேக் ஆயில். குனிந்து இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். ஆயில் போகிற ரப்பர் குழாயை மடக்கிக் கம்பியால் இறுக்கியிருந்தான்.

இந்த வேலை எனக்குத் தெரியும். ஒரு சக்கரத்தில் ஆயில் ஒழுகினால் அந்தக் குழாயை அடைத்துவிட்டு மற்ற மூன்று சக்கரத்துப் பிரேக்கில் ஓட்டுவது. பட்டறை இல்லாத வழியில் நானே செய்திருக்கிறேன். சமதரையில் தப்பலாம். இறக்கத்தில் அழுத்தி மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மலையில் ஒரு பக்கம் என்றால் பள்ளம்.

"கீழ வரைக்கும்தான் பெரியவரே. மொதலாளிக்குத் தெரிஞ்சா இனிமே கூப்பிட மாட்டாரு. ரெண்டாவது கியர்லயே இறக்கிடுறேன்."

"நானும் அப்படித்தான் இறக்கினேன். பொழச்சது என் சாமர்த்தியம் இல்ல."

மற்றவர்கள் வந்ததும் சொன்னேன். கைடு குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வண்டின்னா கம்பி இருக்கத்தானே செய்யும்? சிஐடி ஐயா, நேத்து சோப்பைக் காணோம்னு லாட்ஜையே கலக்கினீங்க. உங்க பெட்டியிலதான் இருந்துச்சு."

"ரயிலை விட்டா அடுத்தது நாளைக்குத்தான்," என்றார் எங்களோடு வந்த வங்கிக்காரர். "காலையில என் பொண்ணுக்குப் பரீட்சை."

"பெரியவரு பழைய லாரி ஞாபகத்துல பேசறாரு," என்றான் டிரைவர், என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லாரும் ஏறிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வசதி என்று என் வீட்டுக்காரி டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க. நாலு நாளா நீங்க சொன்னதுல ஒண்ணாவது நெசமா இருந்துச்சா?"

படகுத்துறையிலிருந்து இரண்டு துடுப்பை எடுத்து வந்தேன். வண்டிக்கு நேரே நூறு அடி தள்ளி, நடுவில் அதன் அகலத்துக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டு, மண்ணில் ஊன்றினேன். இடது சக்கரம் பிடிக்காததால் வண்டி வலப்பக்கம்தான் இழுக்கும்; அந்தப் பக்கத் துடுப்பை ஒட்டி நின்றேன்.

"வேகமா வந்து இங்க மிதிடா! நேரா நின்னா நான் வாயைத் தைச்சுக்கிட்டு ஏறிக்கிறேன்."

எஞ்சின் உறுமியது. உள்ளே யாரோ கைதட்டினார்கள்.

"ஏங்க, தள்ளி நில்லுங்க!" என்று இவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

நகரவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தான். துடுப்பைப் பார்த்தான். எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது, வண்டி மட்டும் அசையவில்லை. பிறகு அணைத்தான். சாவியை உருவிப் பின்னால் இருந்த கைடின் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போய் மரத்தடியில் உட்கார்ந்தான்.

கைதட்டல் நின்றது. முதலில் இறங்கியவள் என் வீட்டுக்காரி.

வேறு வேன் வர நாலு மணி நேரம் ஆனது. ரயில் போயே போய்விட்டது. வங்கிக்காரர் போனில் மகளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. பழைய டிரைவர் வண்டியோடு அங்கேயே தங்கினான். கிளம்பும்போது தலையைத் தூக்கவில்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை.

இறக்கத்தில் வலப்பக்கம் அருவி கொட்டியதாம். எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள். நான் புது டிரைவரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"இந்தாளு எப்படிங்க?"

"இது வரைக்கும் சரிதான்."

அதற்கப்புறம்தான் அவள் அருவிப் பக்கம் திரும்பினாள்.