பெல்ட்டை இறுக்கியவன்

வயர்மேன் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தான். படகின் அடிவயிற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீரும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

எஞ்சினும் கியரும் காலையிலேயே கைவிட்டிருந்தன. இருந்தும் அவனும் சுக்கான் பிடித்த அக்காள் கணவரும் தெம்பாகத்தான் இருந்தார்கள். பாயில் படகு ஓடும்போது அடியிலுள்ள புரொப்பல்லர் தானாகச் சுழலும். அதன் தண்டில் பெல்ட் மாட்டி டைனமோவை ஓட்டினால் பேட்டரி ஏறும், பம்பும் ஓடும். அதைப் பொருத்தியவன் வயர்மேன். படகு அத்தானுடையது.

“அத்தான், தண்ணி ஏறுது.”

சுக்கானைப் பிடித்திருந்தவர் குனிந்து பார்த்தார். “பம்பு ஓடுதில்ல? உன் டைனமோவ என்னமோன்னு நெனச்சேன் மாப்பிள்ளை. இனிமே உங்கக்காகிட்ட உன்னைத் திட்டமாட்டேன்.”

வயர்மேனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது. டார்ச்சோடு ஊர்ந்து உள்ளே போனான். தண்டு படகை விட்டு வெளியேறும் துளையில், ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் பீய்ச்சியது. மறுபக்கம் சொட்டுகூட இல்லை.

அவனுக்குக் காரணம் புரிந்தது. மாவு மில்லில் மோட்டாருக்கு மாட்டுவதுபோல, விண்ணென்று தெறிக்கும்வரை பெல்ட்டை இறுக்கியிருந்தான். மில் மோட்டார் சிமென்ட்டில் நிற்கும். இந்தத் தண்டோ தண்ணீரைத் தடுக்கும் மெத்தென்ற அடைப்புக்குள் சுழல்வது. பெல்ட் அதை ஒருபக்கமாக இழுத்து இழுத்து அடைப்பைத் தின்றுவிட்டது.

பெல்ட்டை விட்டுவைத்தால் ஓட்டை பெருகும். அறுத்தால் மின்சாரம் போகும். பழைய பேட்டரி பம்பை எவ்வளவு நேரம் தாங்கும்?

“படகைக் கொஞ்சம் நிறுத்துங்க அத்தான். தண்டு நிக்கணும்.”

“நிறுத்தினா நீரோட்டம் பாறைல கொண்டுபோய் சாத்திடும். என்ன பண்ணணுமோ ஓடுறப்பவே பண்ணு.”

சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினான். கத்தியை எடுத்தான். சுழலும் தண்டு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டில் கத்தியை வைத்தான்.

பெல்ட் அறுந்து மணிக்கட்டில் சாட்டையாய் விழுந்தது. பீய்ச்சல் அடங்கிக் கசிவானது. கொஞ்ச நேரத்தில் பம்பின் குரல் இறங்கி, இழுத்து, நின்றது.

“என்னடா, கரண்டு போச்சா?”

“நான்தான் அறுத்தேன். பெல்ட்ட ரொம்ப இறுக்கிட்டேன் அத்தான். தண்ணி வந்ததே அதாலதான்.”

அத்தான் சுக்கானை ஒரு திருப்புத் திருப்பினார். பிறகு, “வாளி படிக்கட்டுக்குக் கீழ இருக்கு. வாயை மூடிக்கிட்டு இறை.”

இறைத்தான். தண்ணீர் எட்டியிருந்த ஈரக்கோட்டுக்குக் கீழே இப்போது ஒரு விரற்கடை மரம் தெரிந்தது. தண்ணீர் இறங்குகிறதென்று நம்ப அவனுக்குத் துணிவில்லை. தலை நிமிராமல் அடுத்த வாளியை மொண்டான்.