குறட்டை கேட்காத வகுப்பு

குறட்டை அண்ணன் அன்று குறட்டை விடவில்லை.

மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டி அலமாரியில் அடுக்கிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்கள். ஜன்னலோரத்தில் அவர் மட்டும் மல்லாந்து கிடந்தார். கழுத்துவரை போர்வை, கண்ணுக்கு மேல் மடித்துப் போட்ட கறுப்புத் துணி. கடைசியாகக் கிளம்பிய தையல்கார அம்மா, "இன்னைக்குத்தான் டீச்சர் நிம்மதியா கண்ணை மூடினேன். அண்ணன் சைலன்சர் மாட்டிட்டு வந்துட்டார் போல" என்று கிசுகிசுத்தாள். டீச்சரும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணன் காலமெல்லாம் ராத்திரி லாரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகும் ராத்திரி தூக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்தே விடிய வைப்பார். பெயிண்ட் கடை மாடியில் இருக்கும் இந்த யோகா கூடத்தில் மட்டும், வகுப்பின் கடைசியில் "கை காலைத் தளர்த்திப் படுங்க" என்று டீச்சர் சொல்லி வாயை மூடுவதற்குள் தூங்கிவிடுவார். அப்புறம் அந்தக் குறட்டை. ஜன்னல் கண்ணாடி அதிரும். புதிதாக வந்தவர்கள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். அவருக்கும் அது பெருமைதான். போனில் கூப்பிட்டால், "குறட்டை அண்ணன் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

இந்தக் கூடத்தில் தூங்குகிறவர்களை எழுப்புவதில்லை. சுவரில் பலகையே மாட்டியிருந்தது: "தூங்கினால் எழுப்ப மாட்டோம்." கூடம் தொடங்கிய புதிதில் ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். வேலை முடிந்து நேராக வருவாள், படுத்ததும் அடித்துப்போட்டதுபோல் தூங்குவாள். அடுத்த வகுப்புக்கு இடம் வேண்டும் என்று டீச்சர் ஒருநாள் அவளை உலுக்கி எழுப்பிவிட்டாள். அவள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள், திரும்பி வரவேயில்லை. அந்த உறுத்தலில் பிறந்தது பலகை. குனிய முடியாதவர்களுக்கு நாற்காலி, முட்டி வலிக்கிறவர்களுக்குத் தலையணை, தூங்குகிறவர்களுக்குப் போர்வை என்று கூடம் பெயர் வாங்கிவிட்டது. "நீ யோகா சொல்லித் தர்றியா, லாட்ஜ் நடத்துறியா?" என்று கேட்பது டீச்சரின் தங்கச்சி ஒருத்திதான். வாசல் மேஜையில் உட்கார்ந்து, செருப்பிலிருந்து சாவிவரை காவல் காப்பவள் அவள்தான்.

அந்தத் தங்கச்சியிடம்தான் டீச்சர் போய் நின்றாள்.

"அண்ணன்கிட்ட சத்தமே இல்லடி."

"குறட்டை விட்டாலும் குறை, விடலைன்னாலும் குறையா? தூங்கட்டும் விடுக்கா."

டீச்சர் திரும்பி வந்து அவர் தலைமாட்டில் குனிந்தாள். போர்வை கனமானது, குளிருக்கென்று அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது. அதன் அடியில் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை. ஒரு பார்வைக்கு அசைவதுபோல் இருந்தது, மறு பார்வைக்கு இல்லை. வாசல் மேஜையில் இருந்த தங்கச்சியின் மின்விசிறிக் காற்று வேறு போர்வை நுனியை ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது.

நல்ல தூக்கத்தில் இருக்கும் மனிதரை எழுப்பி அவமானப்படுத்தக் கூடாது, நர்ஸுக்குச் செய்ததை இவருக்கும் செய்யக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாம் சாக்குதான். தொட்டால் சில்லென்று இருந்துவிடுமோ என்பதுதான் பயம். தொடாதவரை அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அவர் காலடியில் போர்வையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்துவிட்டு நகர்ந்தாள்.

அடுத்த வகுப்புக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட கிளார்க் வந்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார், உதட்டில் விரல் வைத்துப் பின்னால் வந்தவர்களுக்குச் சைகை காட்டினார். "பாவம், தூங்கட்டும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் சால்வையை எடுத்து அவர் காலில் போர்த்தினாள். அவரைச் சுற்றி இடம் விட்டு, சத்தமில்லாமல் பாய்களை விரித்தார்கள். இவ்வளவு நல்லவர்கள் ஓரிடத்தில் சேர்வது அபூர்வம். அந்த நல்ல மனசைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு அவரை எழுப்புவது இன்னும் கஷ்டமாகிப் போனது.

"மூச்சை மெதுவா உள்ளே இழுங்க" என்றாள். கையைத் தூக்கச் சொன்னவள் இறக்கச் சொல்ல மறந்தாள். கிளார்க் தூக்கிய கையோடு நடுங்கிக்கொண்டு, "டீச்சர், கீழே விடலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண் ஜன்னலோரத்திலேயே இருந்தது.

அப்போது போர்வை அசைந்தது.

வலது கைப்பக்கம். உள்ளேயிருந்து விரல்கள் தரையைத் தட்டின. நின்றன. மறுபடியும் தட்டின. கனவில் ஹார்ன் அடிக்கிறார் என்று நினைத்தாள். அவ்வளவுதான், அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருக்கிறார், நல்லாத்தான் இருக்கிறார்! சந்தோஷத்தில் குரல் தெளிந்துவிட்டது. வகுப்பைக் கணீரென்று நடத்தினாள், கிளார்க்கைக் கிண்டல் செய்தாள், பின்வரிசையில் ஒருத்திக்கு இடுப்பை நேராக்கிவிட்டாள். விரல்கள் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கச்சி வாசலில் வந்து நின்றாள், கையில் கூடத்துப் போன். வகுப்பு நடக்கும்போது அவள் உள்ளே எட்டிப் பார்த்ததே கிடையாது.

"அக்கா, அண்ணி லைன்ல இருக்காங்க. அண்ணன் இன்னும் வீட்டுக்கு வரலையாம். இங்கதான் தூங்குறார்னு சொன்னேன். குறட்டை விடுறாரான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்." அவள் முகம் வெளிறியிருந்தது. "'அப்ப அவர் தூங்கலை'ங்கிறாங்க."

டீச்சர் பாய்களை மிதித்துக்கொண்டு ஓடினாள். மண்டியிட்டுப் போர்வையை விலக்கி, கறுப்புத் துணியை எடுத்தாள். அவர் கண்கள் திறந்திருந்தன. இரண்டு ஓரமும் ஈரம் வழிந்து காதுக்குள் போயிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொன்னார், சொல்லாக வரவில்லை. வலது கை மட்டும் எழும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது, அப்படி ஒரு பிடி.

ஆம்புலன்ஸ் வந்தது. பெயிண்ட் கடைப் பையன்கள் டப்பாக்களை ஒதுக்கிப் படிக்கட்டில் வழி விட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார். "இப்பவாவது கொண்டு வந்தீங்களே. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தக் 'கொஞ்சம் முன்னாடி' டீச்சரோடு வீட்டுக்கு வந்து, அவளோடு சாப்பிட உட்கார்ந்து, அவளோடு படுத்தது. அண்ணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாளே பலகையைக் கழற்றினாள். சில நாள் கூடத்தையும் மூடி வைத்தாள். தங்கச்சிதான் பிடிவாதமாகத் திறக்க வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அங்கே யாரும் படுக்கவில்லை. கடைசி ஓய்வை உட்கார்ந்தே முடிக்க வைத்தாள் டீச்சர். கண்ணுக்குத் துணி கிடையாது. போர்வைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். யாராவது கொஞ்ச நேரம் கண்ணை மூடினால், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவாள். ஒருமுறை கேட்டால் பரவாயில்லை, ஓயாமல் கேட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் ஒவ்வொருவராக வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். தையல்கார அம்மா மட்டும், "டீச்சர், இங்க வந்தா இப்ப எனக்கும் படபடன்னு வருது" என்று சொல்லியேவிட்டாள்.

அப்படி ஒரு மாலையில் படிக்கட்டில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

அண்ணன் இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார், அண்ணி தோளைப் பிடித்திருந்தாள். வகுப்பே எழுந்து நின்றது. அவர் சுவரைப் பார்த்தார். பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"போர்டு எங்க?" பேச்சு குழறினாலும் புரிந்தது.

"எடுத்துட்டேண்ணே."

"படுக்கணும்."

"வேண்டாம்ணே. நாற்காலியில உக்காந்தே..."

"அன்னைக்கிலேருந்து பகல்லயும் கண்ணை மூட மாட்டேங்குறார், டீச்சர்" என்றாள் அண்ணி. "மூடினா பயமா இருக்காம். இங்கதான் வரணும்னு ஒரே அடம்."

தங்கச்சி யாரும் சொல்லாமலே பரண் ஏறிப் போர்வையை எடுத்து வந்தாள். ஜன்னலோரத்தில் பாயை விரித்து அவரைப் படுக்க வைத்தார்கள். டீச்சர் பக்கத்தில் மண்டியிட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பக்கத்துல வந்து நின்னீங்க, டீச்சர். துணிக்குள்ள இருந்தே தெரிஞ்சுது. 'அப்பாடா, வந்துட்டாங்க'ன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினார். "போயிட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பயந்துட்டேண்ணே. தொடவே பயந்துட்டேன்."

"நானும்தான்" என்றார் அவர். பிறகு வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து அவள் பக்கமாக நீட்டி வைத்தார். "தூங்கினா எழுப்புவீங்கல்ல?"

"எழுப்புவேண்ணே."

அவர் கண்ணை மூடினார். இமை துடித்தது, திறந்தது, அவள் இருக்கிறாளா என்று பார்த்தது, மறுபடி மூடியது. யாரும் பாயைச் சுருட்டவில்லை. தையல்கார அம்மா சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். நேரம் போனது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் ஓய்ந்தது.

முதலில் தொண்டையில் ஒரு கரகரப்பு. அப்புறம் அது பெருத்து, இழுத்து, கண்ணாடியை அதிர வைத்துக் கிளம்பியது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கிளார்க் சிரிப்பை அடக்கவில்லை.

டீச்சர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். விட்டுவிடலாம், இவ்வளவு நாள் கழித்துத் தூங்குகிறார் என்று பழைய மனசு சொன்னது. அவள் கையை நீட்டினாள். அவர் கை கதகதப்பாக இருந்தது.

"அண்ணே, எந்திரிங்க."

குறட்டை அறுந்தது. அவர் கண்ணைத் திறந்து, நல்ல தூக்கத்தைக் கெடுத்தவளைப் பார்க்கும் எரிச்சலோடு அவளைப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. பிடித்த கையை விடாமல், "சரி, இன்னும் கொஞ்சம் தூங்குறேன்" என்றார்.