சோடிச் சம்பல்

நாரந்தனை ஜசிந்தா விற்கிற இறால் சம்பல் போத்தலில் ஒட்டிய படத்தில் இரண்டு பெட்டைகள் ஒரே சைக்கிளில் போவார்கள். ஒருத்தி மிதிப்பாள், மற்றவள் கரியரில் இருந்து கூடையைப் பிடித்திருப்பாள். கீழே ‘சோடி’ என்று எழுதியிருக்கும். பதினாறு வருடமாக அதே படம்தான்.

போன மாசியில் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் அதே சைக்கிளையும் அதே பெயரையும் வேறு யாரோ அடைத்த போத்தலில் ஜசிந்தா கண்டாள். அடுத்த நாளே சட்டத்தரணி பிரியவதனியிடம் போனாள்.

“இந்தப் பேரை ஒருத்தரும் இன்னும் பதியேல்லை, அக்கா. வியாபாரக் குறியை உங்கட பேரிலை உடனை பதிய வேணும்.” பிரியவதனி போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். “படம் ஆர் கீறினது?”

“றஞ்சனி. என்ர சிநேகிதி. இப்ப நோர்வேயிலை.”

“அப்ப அவவிட்டைச் சம்மதக் கடிதம் ஒண்டு வேணும். பிறகு பிரச்சினை வரப்படாது.”

ஜசிந்தா போத்தலைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள். றஞ்சனியோடு கதைத்துப் பதின்மூன்று வருடம்.

அந்த நாளில் சம்பல் விற்க விடிய ஐந்து மணிக்கே இருவரும் புறப்பட்டுவிடுவார்கள். ஜசிந்தாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, றஞ்சனிதான் மிதிப்பாள். எதிர்க்காற்று கூடினால் இறங்கி, சிரித்துச் சிரித்தே உருட்டிக்கொண்டு போவார்கள். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் அனலைதீவு வள்ளத்துக்கு நிற்கிற சனத்திடம் போத்தல்கள் முடிந்துவிடும். அப்படி வள்ளம் பிந்திய ஒரு காலையில், டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டொன்றின் பின்பக்கத்தில் றஞ்சனி கீறியதுதான் அந்தப் படம்.

பிறகு ஒருநாள், றஞ்சனி வழக்கமாக ஏற்றுகிற கோயிலடியில் ஜசிந்தா காத்து நின்றாள். றஞ்சனி வரவில்லை. வெளிநாடு போகவென்று இரண்டு நாளைக்கு முதலே கொழும்புக்குப் போய்விட்டாள் என்று வழியில் போன ஒருவர் சொன்னார். ஜசிந்தா கூடையைச் சுமந்துகொண்டு நடந்தே துறைமுகத்துக்குப் போனாள். பிறகு நோர்வேயிலிருந்து வந்த அழைப்பை றஞ்சனியின் குரல் கேட்டதும் துண்டித்தாள்.

இப்போது றஞ்சனியின் தம்பி றொஜனிடம் இலக்கம் வாங்கி அவளே போன் எடுத்தாள்.

“நான் ஜசிந்தா. எங்கட படத்தைப் பதியப்போறன். உன்ர கடிதம் வேணும்.”

றஞ்சனி கடிதத்தை விட்டுவிட்டுப் பழைய நாளுக்கே போனாள்.

“என்னை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன், போறதைப் பற்றி ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது எண்டவன்,” என்றாள் றஞ்சனி.

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“ஓம். சொல்லியிருக்கலாம்.”

வேறு சாட்டு ஒன்றும் அவள் சொல்லவில்லை. அது ஜசிந்தாவுக்குப் போதுமாயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சம்பலுக்கு இப்பவும் தேசிக்காயே பிழிஞ்சு விடுறனி?” என்று றஞ்சனி கேட்டாள்.

“இல்லை, பழப்புளி கரைச்சு. தேசிப்புளி விட்டால் கனநாள் கிடக்காது.”

“நான் அப்பவே சொன்னனான், நீ கேக்கேல்லை!”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு நாளில் கூரியரில் கடிதம் வந்தது. விண்ணப்பம் கொழும்புக்குப் போனது. பதிவு கிடைக்க நாள் எடுக்கும் என்றாள் பிரியவதனி. ஆனால் அவள் அந்தக் கடைக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தோடேயே கள்ளப் போத்தல்கள் கடையைவிட்டு மறைந்தன.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய றஞ்சனி எடுப்பாள். ஜசிந்தா போனைக் குசினி யன்னலில் சாத்தி வைத்துவிட்டு, மிளகாய்க் காம்பை உடைத்தபடியே கதைப்பாள்.