ஒரு பகிடியும் ஒரு பை இலையும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, களவெடுத்தேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி எனக்கு. இரண்டாம் மாடியில் பேர்பெச்சுவா அக்காவும் அவர் கணவர் பென்ஜமின் அண்ணையும் இருக்கிறார்கள். பீலெஃபெல்ட்டில் மழை பெய்யாத ஒரு நவம்பர் சனிக்கிழமை (அப்படியும் ஒன்று வந்தது) படியிறங்கும்போது அவர்கள் வீட்டுக் கதவில் மஞ்சள் இலைகளால் கட்டிய வளையம் ஒன்று தொங்குவதைக் கண்டேன். கூடவே ஒரு மணம். மணம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

"அக்கா, உது என்ன?" என்று கேட்டேன். கேட்டது என் பிழை. ஒரு மணித்தியாலம் வாசலில் நிற்கவைத்துச் சொன்னார். அடுத்த நாள் அண்ணை தன் பக்க நியாயத்தைக் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். இரண்டையும் சேர்த்தால் கதை என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

"எழுதட்டோ அக்கா?"

"எழுது. ஆனா எழுதினதை எங்களுக்கு வாசிச்சுக் காட்டோணும், கஜந்தி."

அந்த ஒப்பந்தத்தால் நான் பட்ட பாட்டைக் கீழே காண்பீர்கள்.

2

எழுதிப்பார்த்த தொடக்கங்கள்:

"கதவில் வளையம் தொங்கியதைக் கண்டதும் கொறற்றிக்கு நெஞ்சு திக்கென்றது. 'ஐயோ மாதாவே, ஆர் மோசம் போனது?' என்று—"

இது நடந்ததுதான். எங்கள் ஆட்களுக்கு வளையம் என்றால் செத்த வீடு. இந்த ஊராருக்கோ, இலையுதிர் காலம் வந்தால் கதவுக்கு மாட்டும் அலங்காரம். அக்காவைப் பூசைக்குக் கூட்டிப்போக வந்த சிநேகிதி கொறற்றி, பென்ஜமின் அண்ணையே உயிரோடு வந்து கதவைத் திறந்ததும் சிலுவை அடையாளம் போட்டாராம். நல்ல பகிடி. ஆனால் இதில் தொடங்கினால் கதை இதோடேயே முடிந்துவிடும். [பகிடிகளைப் பற்றி நான் இங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.]

"இலையுதிர் காலம் என்பது பிரிவின் பருவம். ஒவ்வொரு இலையும்—"

சீ. வேண்டாம்.

"பென்ஜமினுக்கு இலை என்றால் வேலை."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

3

பென்ஜமினுக்கு இலை என்றால் வேலை. நகரசபையின் துப்புரவுப் பகுதியில் பத்தொன்பது வருடம். ஒக்ரோபர் பிறந்தால் செம்மஞ்சள் உடுப்பு, காதுக்கு மூடி, முதுகில் இலை ஊதும் மெசின். எந்த வீதியில் எந்த மரம், எது எந்தக் கிழமையில் கொட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆகோர்ன், அதாவது மேப்பிள் மரத்து இலை ஊதினால் பறக்கும். லிண்டெ மரத்து இலை நனைந்தால் றோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டும்போது அவர் வாயிலிருந்து வரும் தமிழ், நல்லவேளையாக, அந்த வீதியில் ஒருவருக்கும் விளங்காது.

வீடு என்பது அவருக்கு இலை இல்லாத இடம். மேசையில் ஹம்பேர்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் ரோசாப்பூ. அலுமாரிக்கு மேலே மடுமாதா, சுற்றிவர மின்னுகிற பல்ப் மாலை. வருடத்துக்கு இரண்டு தரம் கழுவினால் எல்லாம் புதுசு. வடிவான சாமான் வாடக்கூடாது, கொட்டக்கூடாது என்பது அவர் கட்சி.

பேர்பெச்சுவா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அரைநாள் வேலை. மற்ற அரைநாள் சும்மா கிடந்தது. ஒருநாள் வந்து, வியாழக்கிழமை மாலை வகுப்பொன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். காட்டிலும் வீதியோரத்திலும் கிடைப்பவற்றைக்கொண்டு வீட்டை இலையுதிர் காலத்துக்கு அலங்கரிக்கிற வகுப்பு. மொத்தம் ஆறு வியாழக்கிழமை. கடைசி நாளில் ஒவ்வொருவரும் தாம் செய்ததைக் கொண்டுபோய் எல்லோரும் பார்க்க வைக்கவேண்டும்.

"வீட்டை வடிவாக்கிறதுக்கும் ஒரு வகுப்போ?" என்று பென்ஜமின் கேட்டார்.

"ஓம். அவுஸ்பில்டுங்* செய்யப்போறன் எண்டு கேட்டநேரம் விசா இல்லை எண்டாங்கள். விசா வந்தாப்பிறகு வயது போட்டுது எண்டாங்கள். இதுக்கு ஒண்டும் கேக்கேல்லை. பேரை மட்டுந்தான் கேட்டவை."

(* தொழிற்பயிற்சி. இந்த நாட்டில் அது இல்லாவிட்டால் சலவைப் பகுதிதான்.)

4

இடையில் ஒரு தகராறு. முதல் வரைவில் நான் 'பென்ஜமின் கேட்டார், பேர்பெச்சுவா சொன்னாள்' என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அக்கா என்னை நிறுத்தினார்.

"அதென்ன பிள்ளை, அவருக்கு மட்டும் 'ஆர்', எனக்கு 'ஆள்'?"

பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தானே எழுதி வருகிறோம். அன்றே வரைவு முழுவதிலும் திருத்தினேன். ஆகவே இந்தக் கதையில் இரண்டு பேருக்கும் ஒரே விகுதி. யார் பேசுகிறார் என்று குழம்பினால் பெயரைப் பாருங்கள்.

சரி, கதைக்கு வருவோம். பேர்பெச்சுவா மூன்று கிழமையாக அந்த முழங்காலோடு குனிந்து குனிந்து பொறுக்கினார். ஓக் மரத்துக் கொட்டைகள், காட்டு ரோசாவின் சிவப்புக் காய்கள், பைன் காய், ஒரு பிடி பாசி. இலைகளைச் சுருளாமல் காயவைக்க, தடித்த புத்தகத்துக்குள் வைக்கச்சொல்லி ஆசிரியை சொல்லியிருந்தார். வீட்டில் வேதாகமம் இருந்தது. ஆனால் அதைவிடத் தடிப்பாக இன்னொன்று இருந்தது: அகதி விண்ணப்பம் தொடங்கி விசா வரைக்கும் பதினொரு வருடக் கடதாசிகள் அடுக்கிய கோப்பு. அதற்குள்தான் இலைகளை வைத்தார்.

[இந்த இடத்தில், கோப்புக்குள்ளிருந்து ஒரு பழைய கடிதம் விழும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். நானும் ஆசைப்பட்டேன். அரைப் பக்கம் எழுதியும்விட்டேன். அக்கா கேட்டுவிட்டு, "அதுக்குள்ள நிராகரிச்ச கடிதம் ரெண்டு கிடக்கு, காட்டட்டோ?" என்றார். அரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.]

5

நாலாவது வகுப்பு முடிந்த கிழமை, ஞாயிறு பின்னேரம், வகுப்புப் பெண்கள் நாலு பேரும் ஆசிரியை ஃப்ராவ் ஹோல்ட்கம்பும் கோப்பி குடிக்க வந்தார்கள். பிளாஸ்ரிக் ரோசாப்பூ அலுமாரிக்குள் போயிற்று. மேசை நடுவில் பாசி, அதன் மேல் சிவப்புக் காய்கள், கம்பியில் ஒவ்வொன்றாகக் கோத்த ஓக் கொட்டைகள், சுற்றிவர ஆகோர்ன் இலைகள். தட்டில் றோல்ஸும் பற்றிஸும்.

ஃப்ராவ் ஹோல்ட்கம்ப் பென்ஜமினைப் பார்த்து, "நீங்களும் உதவி செய்தீர்களா?" என்று கேட்டார்.

பென்ஜமின் யேர்மன் மொழியில் சொன்னார்: "நான் நாள் முழுக்க வெளியில் குப்பை கூட்டுகிறேன். என் மனைவி அதை உள்ளே கொண்டுவந்து மேசையில் கொட்டுகிறார்."

ஐந்து பெண்களும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் கோப்பியைச் சிந்தாமல் இருக்கக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேர்பெச்சுவாவும் சிரித்தார்.

பென்ஜமினுக்கு அந்தச் சிரிப்பு என்னவென்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். வேலையிடத்தில் மற்றவர்கள் சொல்கிற பகிடிக்கு விளங்கியும் விளங்காமலும் சிரித்திருக்கிறார். தான் ஒன்று சொல்லி, அது இந்த மொழியில் சரியாகப் போய் விழுந்து, ஒரு மேசை முழுக்கக் குலுங்கியது அன்றைக்குத்தான். அவருக்குக் காது சூடாகிவிட்டது. நேரே படுக்கையறைக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாராம். இதை அவரேதான் எனக்குச் சொன்னார், வெட்கப்படாமல்.

6

திங்கட்கிழமை அதே பகிடியை வேலையிடத்திலும் சொன்னார். அங்கேயும் சிரித்தார்கள். சந்தோசமாக வீட்டுக்கு வந்தால் மேசை வெறுமை. நடுவில் கழுவித் துடைத்த பிளாஸ்ரிக் ரோசாப்பூ.

"இஞ்சேரும், எங்க அதெல்லாம்?"

"குப்பையோ? போட்டாச்சு."

குரலில் கோபம் இல்லை. சோறு போட்டார், கறி ஊற்றினார், மீன் பொரியல் இன்னொரு துண்டு வேணுமோ என்று கேட்டார். வியாழக்கிழமை வந்தது. வகுப்புக்குப் போகவில்லை. "கால் நோகுது," என்றார். அதே காலோடு முதல் நாள் மாடிப்படி முழுக்கக் கழுவியவர்.

பென்ஜமின் கீழே இறங்கி, மக்குகிற கழிவு போடும் மண்ணிற வாளியைத் திறந்து பார்த்தார். கோப்பித் தூளுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில் ஓக் கொட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சின்னத் துளை. ஒவ்வொரு துளைக்குள்ளும் கம்பி. ஐம்பது கொட்டையாவது இருக்கும். பத்தொன்பது வருடமாக இலையைத் தள்ளிக்கொண்டே இருந்த மனுசன் அன்றைக்குத்தான் நின்று பார்த்தார். "அட மடையா," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இதை அக்காவுக்கும் அண்ணைக்கும் வாசித்துக் காட்டினேன்.

"நீங்களும் சிரிச்சனீங்கள் தானே அக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சிரிக்கேக்க நான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்க ஏலுமோ? ஆனா பிள்ளை, இந்த நாட்டுக்கு வந்தாப்பிறகு தேவைக்கெண்டில்லாமல், வடிவுக்கெண்டு நான் செய்த முதல் சாமான் அது. அதுதான் எனக்கு நொந்தது."

அண்ணை ரி.வி.யின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

7

கடைசி வியாழனுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அதற்குள் பேர்பெச்சுவா மனம் மாறாவிட்டால் வகுப்பும் போச்சு, அந்தக் கைகள் இனி எதையும் கோக்கப்போவதில்லை என்று பென்ஜமினுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கத் தெரியாது. மரங்களைத் தெரியும்.

அடுத்த நாள் வேலையிலிருந்து அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் மூன்று ஆகோர்ன் இலை வந்தது. மனைவி குளிக்கும் நேரம் பார்த்துக் கோப்பைத் திறந்து, நிராகரித்த கடிதம் ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் வைத்தார். சனிக்கிழமை தன்பாட்டில் நடந்துபோய் இரண்டு பூஹெ மரத்து இலை. ஆனால் அவர் உண்மையில் காத்திருந்தது ஒரு கிங்கோ மரத்துக்கு. பள்ளிக்கூடம் ஒன்றின் முன்னால் தனியாக நிற்கிற மரம். மற்ற மரங்கள் கிழமைக்கணக்கில் சிந்தும். இது கடும் பனி பிடித்த ஒரு காலையில் முழு இலையையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். விசிறி மாதிரி இலை, மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள், காய்ந்தாலும் லேசில் சுருளாது. அந்தக் காலையைப் பிடிக்கவேண்டும்.

[இங்கே இயற்கையை நான் கதைக்கு வசதியாக வளைக்கிறேன் என்று நினைப்பீர்கள். நானும் நம்பவில்லை. அந்த மரத்தைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.]

செவ்வாய்க்கிழமை விடிய உறைபனி. ஏழு மணிக்குப் பென்ஜமின் அங்கே போனபோது காற்றே இல்லாமல் மரம் கொட்டிக்கொண்டிருந்தது. இலைகள் விழுகிற சத்தம் கேட்டது. மெசினைக் கழற்றி வைத்தார். பிள்ளைகள் வருமுன் நடைபாதையைக் கூட்டவேண்டும், ஆனால் அதற்கு முன் முழங்காலில் நின்று, கறை இல்லாத இலையாகப் பார்த்துப் பார்த்து ஒரு பை நிறையப் பொறுக்கினார். குனிந்து பொறுக்கினால் இடுப்பு என்ன பாடுபடும் என்று அப்போதுதான் தெரிந்தது. மனைவியின் முழங்காலை நினைத்துக்கொண்டார்.

ஒன்றைக் கவனிக்கவில்லை. அது காய்க்கிற மரம். அதன் காய் நசிந்தால் சத்தி எடுத்த மாதிரி மணக்கும். மூன்று நாலு காய் பைக்குள்ளே போய்விட்டது. பின்னேரம் ட்ராமில் அவரைச் சுற்றி மூன்று சீற் காலியாயிற்று. எதிரில் இருந்த பெண் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். பென்ஜமின் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தார்.

8

வீட்டுக்கு வந்து ரோசாப்பூவைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, பையை அப்படியே மேசையில் கொட்டினார். பேர்பெச்சுவா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன நாத்தமப்பா இது!"

பிறகு மேசையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அப்போது பென்ஜமின் ஒரு வசனம் சொன்னார்.

என்ன சொன்னார்? கதையே இதில்தான் நிற்கிறது. நான் எழுதிப்பார்த்தவை:

அ) "நான் சொன்னது பிழை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்." அண்ணை உடனே தலையை ஆட்டினார். "நான் உப்பிடிக் கதைக்கிற ஆளோ? வாசிக்கிற சனம் நம்பாது."

ஆ) "இண்டைக்கு நானே கொண்டுவந்து கொட்டியிருக்கிறன்." எனக்கு இதுதான் மெத்தப் பிடித்தது. அக்காவும் சிரித்தார். "நல்லாத்தான் கிடக்கு. ஆனா அது நீ சொன்னது, அவர் சொன்னதில்லை."

இ) ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் ஒரு இலையை எடுத்து—

"இல்லைப் பிள்ளை," என்று அக்கா குறுக்கிட்டார். "சொன்னவர். வடிவாச் சொன்னவர்."

"அப்ப என்ன சொன்னவர் எண்டு சொல்லுங்கோவன்!"

அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை ரி.வி.யைப் பார்த்தார். அது நிறுத்திக் கிடந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சொல்லமாட்டன்," என்றார் அக்கா. "அந்தப் பகிடியை அவர் ஊருக்கெல்லாம் சொன்னவர். இதை எனக்கு மட்டுந்தான் சொன்னவர்."

9

நடந்தது மிச்சம் இவ்வளவுதான். காய்களை எறிந்துவிட்டு, செவ்வாயும் புதனும் இருவரும் மேசையடியில் இருந்து வளையம் கட்டினார்கள். கோப்புக்குள் ஒளித்து வைத்த ஆகோர்னும் பூஹெயும் வெளியே வந்தன. வியாழக்கிழமை பேர்பெச்சுவா வளையத்தோடு வகுப்புக்குப் போனார். எல்லோரும் சுற்றிநின்று வடிவு என்றார்கள், பிறகு யன்னலைத் திறந்தார்கள். அது இப்போது கதவில் தொங்குகிறது. மணம் குறைந்துகொண்டு வருகிறது.

என் பிரச்சினை வேறு. ஐந்தாம் பகுதியில் பென்ஜமின் அண்ணையின் பகிடியை நான் உங்களுக்குச் சொன்னேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரிக்கவேண்டும் என்றுதான் எழுதினேன். அக்காவின் மேசையை இன்னொரு தரம் ஊர் முன்னால் தள்ளிவிட்டு நானும் கண்ணாடியில் முகம் பார்த்தவள்தான். அதனால் அந்த ஒரு வசனத்தை, தெரிந்தாலும், எழுதமாட்டேன். தெரியாது என்பதில் இப்போது எனக்குச் சந்தோசம்தான்.

உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பென்ஜமின் சொன்னார்: "..............................."

உங்கள் வீட்டு ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிரப்புங்கள். எனக்கு மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். நான் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன்.