இருந்த இடத்தில் இல்லாதவர்கள்

1931இல், புகையிலை விலை விழுந்த மாசி மாதத்திலிருந்து, யாழ்ப்பாணத்து இணுவில் ஊர் முத்துக்குமாரு இராச்சாப்பாடு முடிந்ததும் இல்லாமல் போகத் தொடங்கினார். படுக்குமுன் பாயில் சம்மணம் கட்டி, கண்ணை மூடி, "நான் ஆர்?" என்று தன்னையே கேட்பார். கொஞ்ச நேரத்தில் வேட்டியும் சால்வையும் மட்டும் ஆள் இருப்பதுபோல் நிமிர்ந்திருக்கும். பிறகு திரும்பி வந்து, கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்வார். தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலாவில் ஏறி நடந்த ஒரு காலையில், நடக்கிறது ஆர் என்று யோசனை வந்ததாம். அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

மனைவி குணலட்சுமி முதலில் அழுதாள், கோவித்தாள், பிறகு பழகிக்கொண்டாள். போய்வரத் தொடங்கியபின் அவர் மாட்டைக்கூட அதட்டுவதில்லை என்பதையும் கவனித்தாள். ஆனால் பங்குனியில் ஒருநாள் விடிந்தும் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவளுடைய அண்ணன் தியாகராசா வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார். பொழுதுபட, அவள் பாய்க்கு முன்னால் நின்று "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள். அசைவில்லை. கல்யாணமான நாள்முதல் வாயில் எடுக்காத அவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயருக்கும் அங்கே ஆளில்லை.

"அண்ணை, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"எங்கையெண்டு தெரியுமோ உனக்கு?"

"அவர் போன வழி தெரியுந்தானே."

பக்கத்தில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டாள். முத்துக்குமாருவின் பெண்சாதி என்று ஒரு பதில் வந்தது. தியாகராசாவின் தங்கச்சி என்று இன்னொன்று. "உது நானில்லை" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பிள்ளையில்லாதவள் என்று ஊர் சொல்வதும் வந்தது. அதைத் தள்ளத்தான் நேரமெடுத்தது. தள்ளியதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிவிட்டது. தியாகராசா பார்த்துக்கொண்டிருக்க, பாயில் சேலை மட்டும் மிஞ்சியது.

பால் கறக்கும் நேரத்துக்கு இருவரும் வந்துவிட்டார்கள்.

"அங்கை என்ன கண்டனீ, பிள்ளை?" என்று கேட்டார் அண்ணன்.

"காண ஒருத்தரும் இல்லை, அண்ணை. ஆனா தனிய இருந்த மாதிரியும் இல்லை," என்றாள். பசிக்கிறது என்று சொல்லி, பழஞ்சோறு இரண்டு கோப்பை சாப்பிட்டாள்.

அதற்குப்பின் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களைத் தேடி ஊரில் ஒருவரும் வருவதில்லை.

சில வருஷங்களில் உலக யுத்தம் வந்தது. குண்டு போட விமானம் வரும், இரவில் வெளிச்சம் தெரியக்கூடாது என்று கட்டளை. சுற்றிப் பார்த்துவந்த கிராம அதிகாரி விதானையார், அந்த வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வேட்டியும் சேலையும் அருகருகே இருந்தன. விளக்கை அணைத்து, மாடு வராமல் படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் சந்தையில் குணலட்சுமியைக் கண்டார்.

"பிள்ளை, இனிப் போகேக்கை விளக்கை நூத்துப்போட்டுப் போங்கோ."

"ஓம், விதானையார்," என்றாள் அவள், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே.