நிறம் வராத நாளம்

எங்கள் மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள் நான் ஒருத்திதான். அதனால் அப்பா தாம்தினின் வயிற்றிலும் நானே ஜெல் தடவ வேண்டியிருந்தது. கட்டில் ஓரத்தில் அண்ணன் பட்சோரிக் ரோமக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் நோய் காது கொடுத்துக் கேட்குமாம். வந்து உட்கார்ந்துவிட்ட நோய்க்கு எதற்கு இந்த மரியாதை?

கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை அடைத்துவிடத் தலைநகர் உலான்பாதர் மருத்துவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் பெரிய நாளம் திறந்திருக்க வேண்டும். கல்லீரல் பிழைப்பது அதை நம்பித்தான். அது அடைபட்டிருந்தால் தமனி மட்டுமே மிச்சம். அதையும் மூடினால் கட்டியோடு கல்லீரலும் சாகும்.

நாளத்தின்மேல் கருவியை வைத்தேன். ரத்தம் ஓடினால் திரையில் நிறம் வந்திருக்க வேண்டும். கறுப்பாகவே இருந்தது. கோணத்தை மாற்றினேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். கறுப்பு.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். வெளியே இழுத்துப்போனான்.

“ரத்தம் ஓடுதுன்னு எழுது.”

“ஓடலண்ணே.”

“ஒன்னப் படிக்க வச்சது எதுக்கு? நான் ஆட்டுக்குப் பின்னால ஓடுனேன், நீ காலேஜுக்குப் போன. ஒரு வரி எழுத மாட்டியா?”

“அத நம்பி மூடிருவாங்க. அந்த ஒரு வரி அவரக் கொன்னுரும்.”

“எழுதலன்னா மட்டும்?”

கதவைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

உள்ளே அப்பா சட்டையை இறக்காமல் கிடந்தார்.

“கதவு மெலிசு, துங்கா. என்னத்த மூடப் போறாங்க?”

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தான். உதறினேன்.

“தமனியப்பா. ஆட்டுக்கு உள்ள கைவிட்டு அறுப்பீங்கல்ல, அதுலேர்ந்து பிரியிற கிளை.”

எங்கள் ஊர் ஆட்டறுப்பு அப்படி: நெஞ்சுக்குக் கீழே சின்னக் கீறல், உள்ளே கை, முதுகெலும்பை ஒட்டி ஓடும் தமனியை விரலாலேயே அறுப்பது. ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழாமல் ஆயிரம் ஆடுகளை முடித்த கை அவருடையது. அந்த விரல்களை மடக்கிப் பார்த்தார்.

“வேற வழியா ரத்தம் வராதா?”

“அது அடைஞ்சிருச்சுப்பா.”

“அப்ப அது ஆட்டறுப்புதான்.” அண்ணனைப் பார்த்தார். “டேய், நான் கொழுப்பத்த கெடா. என்ன அறுத்து ஒனக்கு என்னடா கெடைக்கும்?”

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அறிக்கையில் ‘ஓட்டம் இல்லை’ என்று தட்டினேன்.

“இன்னொருவாட்டி வச்சுப் பாரு,” என்றார் அப்பா.

வைத்தேன். நான் சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு. மூச்சை விடச் சொல்லாமல் இன்னொரு முறை கோணத்தை மாற்றினேன்.