சார்ஜென்ட்டின் மனைவி

யார்னோ சாகும்போதெல்லாம் சிரிப்பான். சமையலறையில் நிற்கும் எனக்கு நன்றாகக் கேட்கும். "போச்சுடா, மாடியில ஒருத்தன் இருந்திருக்கான்!" என்பான். சற்று நேரத்தில் மறுபடி உயிர் பெற்று, துப்பாக்கியும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பான். என்னோடு பேசும்போது அவன் அப்படிச் சிரித்து வெகுகாலமாகிறது.

அது கணினியில் ஆடும் போர் விளையாட்டு. திரையில் அவன் கைகளும் துப்பாக்கியும்தான் தெரியும். கூட ஆடுகிறவர்கள் ஃபின்லாந்தின் வேறு வேறு ஊர்க்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. காதில் மாட்டிய ஒலிவாங்கி வழியாகப் பேசிக்கொள்வார்கள். அவனை 'சார்ஜென்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சார்ஜென்ட், எந்தப் பக்கம்?"

"பாலத்துக்குக் கீழ. கிம்மோ, முன்னால போ. ரூப்பே, கூரையைப் பாத்துக்கோடா."

கிம்மோ முன்னால் போவான். ரூப்பே கூரையைப் பார்த்துக்கொள்வான். யார்னோ வேலை செய்யும் மரக்கிடங்கில் அவன் சொல்லி ஒரு பலகையைக்கூட யாரும் நகர்த்த மாட்டார்கள்.

உண்மையில் யார்னோ சார்ஜென்ட் இல்லை. பத்தொன்பது வயதில் எல்லாப் பையன்களையும் போலக் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனான். ஆஸ்துமா என்று சொல்லி இரண்டாம் வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணமோ, சாவோ, மீன்பிடிப்போ, இங்கே இரண்டு ஆண்கள் சந்தித்தால் "எந்த முகாம்ல இருந்தீங்க?" என்று கேட்காமல் பேச்சு நகராது. அவன் அண்ணன்கள் அந்தப் பேச்சைத் தொடங்கியதுமே இவன் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவான்.

சார்ஜென்ட்டாக இருந்தவள் நான். பெண்களுக்குக் கட்டாயமில்லை, நானாக விரும்பிப் போய், கயானி முகாமில் ஒரு வருடம் இருந்தேன். எனக்கு நினைவிருப்பதெல்லாம் ஈரக் காலுறையும் ஓயாத காத்திருப்பும் வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பும்தான். அந்த விளையாட்டில் குளிர் கிடையாது, காத்திருப்பு கிடையாது, சுட்டபின் துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்க வேண்டியதில்லை. கூட இருப்பவன் உன் சொல்லை நம்பி ஓடுவான் என்கிற ஒரு சுகத்தை மட்டும் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட சுகம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அவனை நான் திட்டியதில்லை.

ஆகஸ்டில் கிம்மோ தன் ஏரிக்கரைக் குடிலுக்கு எங்களையும் ரூப்பேவையும் அழைத்தான். போகும் வழியில் காரில் கேட்டேன்.

"எந்த முகாம்னு கேப்பாங்களே, என்ன சொல்லப்போற?"

"உள்ளதைத்தான். மூச்சுத் திணறல்னு அனுப்பிட்டாங்க, சார்ஜென்ட்டுங்கறது நானா வெச்சுக்கிட்ட பேருன்னு சொல்லிடறேன். சிரிப்பாங்க. அவ்வளவுதானே?"

"சிரிச்சா நானும் சேந்து சிரிக்கறேன், போ."

"நீதான் முதல்ல சிரிப்ப, கழுதை" என்று என் முழங்காலைத் தட்டினான். கல்யாணமான புதிதில் இருந்த யார்னோ வண்டி ஓட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

கிம்மோ பேருந்து ஓட்டுநர்; ஐம்பது வயது, பெரிய உடம்பு. ரூப்பே குழாய் வேலை பழகும் ஒல்லிப் பையன். ஆண்கள் மூவரும் முதலில் சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குப் போனார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து புது உருளைக்கிழங்கின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சவுனாவின் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்டது.

"சார்ஜென்ட், நீங்க எந்த முகாம்?" என்று ரூப்பே கேட்டான்.

கிழங்கைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"கயானி" என்றான் யார்னோ.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பனிக்காலம். ஒரே கூடாரத்துல எல்லாரும். அடுப்பைப் பாத்துக்க வேண்டிய பய தூங்கிட்டான். முழிச்சுப் பாத்தா நெருப்பு அணைஞ்சு கிடக்கு. எழுப்பினா அழறான். போய்ப் படுடான்னுட்டு விடியற வரைக்கும் நானே விறகு போட்டேன். மேல யார்கிட்டயும் மூச்சு விடல."

"அதான்யா சார்ஜென்ட்!" என்று கிம்மோ அவன் ஈர முதுகில் ஓங்கி ஒன்று வைத்த சத்தம் கேட்டது.

அந்தக் கதையை நான் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். நாங்கள் காதலிக்கத் தொடங்கிய முதல் மாதத்தில், ஒரு பேருந்து நிறுத்தத்தில், அவன் கோட்டுக்குள் என் கைகளை வைத்துக்கொண்டு. "இதுக்காகவே உன்னைக் கட்டிக்கலாம்" என்று அன்று சொன்னான்.

சாப்பாட்டின்போது அவன் என் பக்கம் திரும்பவில்லை. சாசேஜில் கடுகுச் சாந்தைத் தடவியபடி கிம்மோ கேட்டான்: "ஏங்க, வீட்லயும் இவர் ஆர்டர் போடுவாரா?"

"போடுவார். யார் கேக்கறாங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். யார்னோ எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

மறுநாள் காலை, நாங்கள் படுத்திருந்த மச்சில் ரூப்பே எழுந்து நின்று, "படுக்கைச் சோதனை! எல்லாரும் மடிங்க!" என்று கத்தினான். முகாமில் தினமும் நடப்பதுதான். கிம்மோவும் அவனும் சிரித்தபடி மடிக்கத் தொடங்கினார்கள். யார்னோ தன் போர்வையைச் சுருட்டி மூலையில் போட்டு, "லீவுலயுமாடா இதெல்லாம்?" என்றான்.

நான் யோசிக்கவே இல்லை. கைகள் தாமாகச் செய்துவிட்டன. திரும்பியபோது கிம்மோ என் படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. போர்வை செங்கல் அடுக்கியதுபோல் சதுரமாக நின்றது. பிறகு அவன் யார்னோவின் மூட்டையைப் பார்த்தான்.

"இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்று என்னைக் கேட்டான்.

"நான்தான்" என்றான் யார்னோ. "கல்யாணமான புதுசுல."

கிம்மோ என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார்னோவைப் பார்த்தேன். அண்ணன்களுக்கு நடுவிலிருந்து எழுந்துபோகும் முகம்.

"ஆமா" என்றேன்.

"சரி" என்று கிம்மோ காப்பி போடக் கீழே இறங்கிப் போனான்.

திரும்பும் வழியிலும் யார்னோதான் வண்டி ஓட்டினான். அவன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திவிட வேண்டும், முழுதாகக் கேட்கவைக்கக் கூடாது என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ அதை அப்படி மடிக்காம இருந்திருக்கலாம்" என்றான்.

அதன்பிறகும் அவர்கள் ஆடினார்கள். ஆனால் அவனை எல்லோரும் இப்போது 'யார்னோ' என்றார்கள். மரியாதைக் குறைவாக யாரும் பேசவில்லை. அவன் 'இடப்பக்கம்' என்றால், "அப்படியா, பாக்கலாம்" என்றார்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் ஒலிவாங்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"உன்னைக் கேக்கறாங்க."

"என்னை எதுக்கு?"

"உனக்குத் தெரியாதா?" என்று கோட்டை எடுத்துக்கொண்டு வாசல் நடைக்குப் போனான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஒலிவாங்கியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலியில் அவன் சூடு அப்படியே இருந்தது. திரையில் அவன் கைகள், அவற்றில் துப்பாக்கி.

"ஒண்ணும் கேக்க மாட்டேன், ஹேட்டா" என்றது கிம்மோவின் குரல். "ஒரு வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டோம். முன்வாசல்ல சுடறாங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

பார்த்தேன். அது ஒன்றும் கடினமான கேள்வி இல்லை.

"பின்வாசல்ல புகைக்குண்டு போட்டு வெளிய ஓடுங்க. ரூப்பே முதல்ல. கிம்மோ, நீங்க கடைசி."

"சரிங்க சார்ஜென்ட்" என்றான் ரூப்பே. ஓடினான்.

வெகு வருடங்களுக்குப் பிறகு ஒருவர் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினார். உடம்பெல்லாம் சூடு ஏறியது. வாசல் நடையில் யார்னோ இன்னும் செருப்பைக்கூட மாட்டாமல் நின்றுகொண்டிருந்தான் போலிருக்கிறது. ஏதோ சொன்னான். என் பெயர் என்று நினைக்கிறேன். காதில் இருந்ததை நான் கழற்றவில்லை. திரையில் இடப்பக்கச் சுவரோரமாக எதிரி ஒருவன் வந்துகொண்டிருந்தான்.